25 கிலோ கிடாவில் 15 கிலோ கறியா? டெக்சல் புராணம் பாடுபவர்களுக்கு ஒரு கேள்வி

பட்டிக்காரன்:
நேற்று வில்லியனூர்த் தம்பி ஒரு பதிவு போட்டிருந்தார். ஹாலந்து நாட்டுச் செம்மறியான டெக்சல் கிடாவை நம் ஊர்ச் செம்மறியான மெட்ராஸ் ரெட் பெட்டைகளோடு சேர்த்தால் கொழுப்பே இல்லாத கறிக்குட்டி பிறக்குமாம். உயிர் எடையில் 60 சதவீதம் கறி நிற்குமாம். இத்தனை நாளாக நாமெல்லாம் கொழுப்பையும் எலும்பையும் விற்றுப் பிழைத்தோமாம். பண்ருட்டிப் பக்கம் நாற்பது உருப்படி வைத்திருக்கிறேன். முப்பது வருஷமாக வேப்பூர் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போகிறேன். 25 கிலோ கிடாவை உரித்தால் பதினொன்றரை, பன்னிரண்டு கிலோ வரும். நல்ல உடம்பாக இருந்தால் பன்னிரண்டரை. 60 சதவீதம் என்றால் 15 கிலோ. மிச்சம் எங்கிருந்து வரும்? கம்பளியிலிருந்தா?

வில்லியனூர் பசுமை:
அண்ணே, பதிவை முழுசாகப் படியுங்கள். டெக்சல் சாதாரண ஆடு இல்லை. தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மயோஸ்டாட்டின் மரபணுவில் அதற்கு ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. கடிவாளம் தளர்வதால் தொடையும் முதுகும் புடைத்து நிற்கும், கொழுப்பு குறையும். 2006இல் இதைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். கிடா நூறு கிலோவைத் தாண்டும். நம் மெட்ராஸ் ரெட் 35 கிலோவுக்கே மூச்சு வாங்குகிறது. விஞ்ஞானத்தைச் சந்தைத் தராசில் நிறுக்க முடியாது.

பட்டிக்காரன்:
கறியைத் தராசில் நிறுக்காமல் முழம் போட்டா விற்பது? 15 கிலோ எங்கே?

கறிக்கடை மருமகன்:
ஒரு சந்தேகம். 60 என்பது எதில் 60? தண்ணீர் காட்டிவிட்டு நிறுத்த எடையிலா, ராத்திரி பட்டினி போட்ட எடையிலா? குடலில் கிடப்பதைக் கழித்தா, கழிக்காமலா? தலை, கால், ஈரல் சேர்த்தியா? மாமனார் கடையில் ஒரே ஆட்டுக்கு இப்படி மாற்றி மாற்றிக் கணக்குப் போட்டால் 45ம் வரும், 55ம் வரும்.

பட்டிக்காரன்:
அதெல்லாம் இருக்கட்டும். தம்பி 60 என்று எழுதினாரா இல்லையா?

வில்லியனூர் பசுமை:
எழுதினேன். 60தான். மாற்றப் போவதில்லை.

கெடிலக்கரை:
குறுக்கே ஒரு திருத்தம். அது டெக்சல் இல்லை, டச்சுக்காரர்கள் 'டெசல்' என்றுதான் சொல்வார்கள். ஆட்டுக்குப் பெயர் தந்த வடக்கு ஹாலந்துக் கரையோரத் தீவு அது. தேவனாம்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டையிலும் வியாபாரம் செய்த ஒல்லாந்தர்களின் கப்பல்கள் அந்தத் தீவோரம்தான் காற்றுக்காகக் காத்துக் கிடக்கும். 1693இல் புதுச்சேரியையே பிடித்தவர்கள். ஆடு இல்லாமலா கப்பல் ஏறியிருப்பார்கள்? நம் ஊர்ச் செம்மறியில் அந்த ரத்தம் இப்போதே இருக்கலாம்.

பாகூர் ஏரி:
அடடா. இன்றைக்கு இருக்கும் டெக்சலே பத்தொன்பதாம் நூற்றாண்டில் லிங்கன், லெஸ்டர் என்ற இங்கிலாந்துக் கிடாக்களைக் கலந்து வந்தது. பிறப்பதற்கு முன்பே கப்பல் ஏறிவிட்டதாக்கும். அது கம்பளி ஆடு, நம்முடையது வெறும் முடி. எந்த ரத்தத்தைச் சொல்கிறீர்கள்?

கெடிலக்கரை:
'இருக்கலாம்' என்றுதான் எழுதினேன். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாதவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

பட்டிக்காரன்:
கம்பளி என்றதும் ஞாபகம் வருகிறது. சித்திரை வெயிலில் அந்த மூட்டையைச் சுமந்துகொண்டு அது என் கொல்லையில் மேயுமா? எங்கள் ஆடு மல்லாட்டை, அதான் வேர்க்கடலைக் கொடியைத் தின்று, கிடை போட்ட இடத்தில் படுத்து, குட்டி போட்டு எழுந்து போய்விடும். அப்புறம் ஐப்பசி மழை. ஈரத்தில் கடிக்கும் பூச்சி பெருகினால் அது பரப்பும் நீலநாக்கு நோய் வரும். எங்கள் ஆட்டுக்கே வாய் வீங்கிக் கால் தாங்குகிறது, ஐரோப்பாக் கம்பளி ஆடு அதில் இன்னும் மோசமாக விழும். தம்பி பெருமையாகச் சொல்லும் அதே 2006இல்தான் ஹாலந்துக்கே நீலநாக்கு போய்ச் சேர்ந்தது. அதைப் பதிவில் காணோமே!

இன்னொன்று. எங்கள் பெட்டை 23 கிலோ, குட்டி பிறக்கும்போது இரண்டரை, மூன்று கிலோ. டெக்சல் வாரிசுக்குத் தலையும் தோளும் அகலம். ராத்திரி இரண்டு மணிக்குக் குட்டி மாட்டிக்கொண்டால் யார் கைவிட்டு எடுப்பது? அந்த எழுத்து மாறிய மரபணுவா?

கொழுப்பு கொழுப்பு என்கிறார். ஆறு மாதத்தில் அறுத்தால் எங்கள் குட்டியிலும் கொழுப்பு ஒன்றும் பெரிதாக இருக்காது. சரி, அதை விடுங்கள். 15 கிலோ எங்கே?

வில்லியனூர் பசுமை:
ஜெர்சி மாடு வந்தபோதும் உங்கள் மாதிரி ஆட்கள் இதையேதான் சொன்னார்கள். இன்றைக்கு யார் வீட்டுக் காபியில் யார் பால்? நான் கிடாவை இறக்குமதி செய்யச் சொல்லவில்லை, உறைவிந்து போதும்.

பட்டிக்காரன்:
'கிடாவைச் சேர்த்தால்' என்று நேற்று எழுதியது யார், உங்கள் தாத்தாவா? விந்தாக இருந்தாலும் மத்திய அரசு அனுமதி இல்லாமல் ஒரு விந்துக் குச்சிகூட உள்ளே வராது. வரட்டும், அதற்கு 15 கிலோ வருமா?

பாகூர் ஏரி:
பட்டிக்காரரே, எடையைப் பற்றி நீங்கள் பாடம் எடுப்பதுதான் வேடிக்கை. போன தீபாவளிக்குப் பால்பல் குட்டி என்று சொல்லி ஒரு வயது தாண்டி இரண்டு பல் போட்ட கிடாவை என் தலையில் கட்டினீர்களே. வீட்டுக்கு வந்து வாயைத் திறந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. மதகடிப்பட்டுச் சந்தையிலேயே வாங்கியிருக்கலாம்.

பட்டிக்காரன்:
வாயைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தானே பணம் கொடுத்தீர்கள்? பல் தெரியாதவர் ஆடு வாங்கக் கூடாது. அந்தக் கிடாவில் 13 கிலோ கறி எடுத்ததாக நீங்களே இங்கே பீற்றிக்கொண்டீர்கள். 15 இல்லை, 13. பாருங்கள், உங்கள் வாயாலேயே வந்துவிட்டது.

பாகூர் ஏரி:
தலையோடு சேர்த்து 13.

கறிக்கடை மருமகன்:
அதைத்தான் நான் முதலிலேயே கேட்டேன்.

வில்லியனூர் பசுமை:
கறிக்கடைக்காரர்கள் நியாயம் பேச வேண்டாம். செம்மறியைத் தொங்கவிட்டு வெள்ளாடு என்று விற்பவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர்!

கறிக்கடை மருமகன்:
எங்கள் கடையில் வாலை விட்டுத்தான் உரிப்போம். வெள்ளாட்டு வால் குட்டையாக மேலே தூக்கி நிற்கும், செம்மறி வால் தொங்கும். வந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள். கேட்டது ஒரு கேள்வி, பதில் சொல்லத் துப்பில்லை, கடையை இழுக்கிறார்.

கெடிலக்கரை:
யாரும் திருத்தவே இல்லை. டெசல்.

பட்டிக்காரன்:
டெசலோ டீசலோ. தம்பி, வெள்ளிக்கிழமை விடியற்காலை வேப்பூருக்கு வாருங்கள். நீங்களே 25 கிலோவுக்கு ஒரு கிடாவைத் தேர்ந்தெடுங்கள், செலவு என்னுடையது. 15 கிலோ எடுத்துக் காட்டுங்கள்.

வில்லியனூர் பசுமை:
அது மெட்ராஸ் ரெட் கிடாவாகத்தானே இருக்கும்? நான் சொன்னது டெக்சல் கலப்பு. அதுவும் போக, வெள்ளிக்கிழமை எனக்கு வேலை இருக்கிறது.

பட்டிக்காரன்:
அடுத்த வெள்ளி?