காட்டுவழியில் பெரிய இரத்தப்போக்கு: பாக்கில் என்ன இருக்கவேணும்?

மலைநடை (தெகிவளை)
கொழும்பிலிருந்து கித்துல்கல, சிங்கராஜா பக்கம் போகிற ஆக்களின் முதலுதவிப் பெட்டியில் பிளாஸ்டரும் பனடோலும்தான். தொடையில் பெரிய நாடி வெட்டுப்பட்டால் சில நிமிடத்தில் உயிர் போய்விடும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், ஆனால் வீதி வரைக்கும்தான் வரும், அருவியடிக்கு வராது. வேண்டியவை: டூர்னிக்கே (கை காலைச் சுற்றிக் கட்டி, கோலால் முறுக்கி இரத்தத்தை நிறுத்தும் பட்டை) ஒன்று, 10 செ.மீ. அகலக் கோஸ் சுருள் நான்கு, கிரேப் பண்டேஜ் இரண்டு, கையுறை, உடுப்பு வெட்டும் கத்தரிக்கோல், மார்க்கர், அலுமினியப் போர்வை. டூர்னிக்கேயை ஒரு கையால் எடுக்கக்கூடிய வெளிப்பொக்கற்றில் வையுங்கள். இணையத்தில் மலிவாக வருவதில் போலி நிறைய. முறுக்குகிற கோல் அரைவழியில் வளைந்துவிடும்.

வெள்ளவத்தைக் காகம்
அண்ணா, பெல்ட் போதாதா?

மலைநடை
போதாது தம்பி. பெல்ட், இரத்தம் திரும்பி வரும் நாளத்தை அடைக்குமளவுக்குத்தான் இறுகும். நாடி வழியே இரத்தம் உள்ளே போகும், திரும்பி வர வழியில்லை. காயம் முன்னையைவிடக் கூடப் பாயும். வேறு வழியே இல்லையென்றால் சாரத்தை 5 செ.மீ. அகலமாக மடித்துக் கட்டி, விரல் பருமனான பச்சைத்தடியால் முறுக்கு. காய்ந்த சுள்ளி முறிந்துவிடும்.

ஈரக்கால்
அதற்கு முதல், கையால் அழுத்துங்கள். பலருக்கு அதுவே போதும். நிற்காவிட்டால், பீறிட்டால், காயத்துக்கு 5 முதல் 8 செ.மீ. மேலே டூர்னிக்கே, முழங்கால், முழங்கை மூட்டின்மேல் போடக்கூடாது. பலர் பிழைவிடுகிற இடம் பட்டை. அதை முதலில் பலமாக இழுத்து, விரல் நுழையாதபடி ஒட்டிவிட்டுத்தான் கோலைத் தொடவேணும். மூன்று அரைச்சுற்றுக்கு மேல் முறுக்க வேண்டிவந்தால் பட்டை தளர்வென்று அர்த்தம். ஆள் வலியில் கத்துவார். அதைப் பார்த்துத் தளர்த்தாதீர்கள். இரத்தம் நிற்கும்வரை முறுக்கி, நேரத்தை நெற்றியில் எழுதுங்கள். இன்னும் ஒழுகினால் இரண்டாவதை அதற்கு மேலே போடலாம்.

கவட்டிலும் அக்குளிலும் டூர்னிக்கே நிற்காது. அங்கே கோஸைத் திணிக்கவேணும்: ஒரு விரல் இரத்தம் வரும் இடத்தை அழுத்தியபடியே இருக்க, மறுகை சுருளை ஆழத்துக்குள் ஊட்டும். தோல்மட்டத்துக்கு மேல் நிரம்பியதும் இரு கையாலும் பத்து நிமிடம் அழுத்துங்கள். இடையில் தூக்கிப் பார்த்தால் உறைந்தது பிய்ந்து முதலிலிருந்து தொடங்கவேணும். நெஞ்சிலும் வயிற்றிலும் திணிக்கக்கூடாது. குத்தி நிற்கும் தடியைப் பிடுங்காமல், சுற்றிவர முட்டுக்கொடுத்துக் கட்டுங்கள். கோப்பித்தூளும் மஞ்சளும் சமையலறையிலேயே இருக்கட்டும்.

வெள்ளவத்தைக் காகம்
பாம்பு கடித்தாலும் இதைக் கட்டலாமா?

ஈரக்கால்
ஒருபோதும் வேண்டாம். கையைக் காலை அசைக்காமல் வைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். அட்டைக்கடியையும் இதோடு சேர்க்காதீர்கள். உறையவிடாத எச்சிலால் கனநேரம் கசியும், ஆனால் ஆபத்தில்லை.

மலைநடை
இன்னொன்று: போர்வையை மேலே போர்த்தினால் மட்டும் போதாது. ஈர உடுப்பைக் கழற்றி, முதுகுக்குக் கீழும் விரியுங்கள். உடம்பு குளிர்ந்தால் இரத்தம் சரியாக உறையாது. மழைக்காட்டில் பகலிலேயே அது நடக்கும். குடிக்க ஒன்றும் கொடுக்காதீர்கள், பிளேன்ரீகூட.