ட்ரோன் பதிவுக்கு 49 டாலர் கட்டியும் எண் வரவில்லை. மகனின் ஃபோம் விமானத்துக்கும் பதிய வேண்டுமா?

குமரன்_எடிசன்

வணக்கம். நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறேன், எச்1பி விசா. ட்ரோன் பதிவு விஷயத்தில் மாட்டிக்கொண்டு மூன்று நாளாக முழிக்கிறேன். தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

வீட்டில் இரண்டு இருக்கின்றன. ஒன்று, நண்பரிடம் பழையதாக வாங்கிய டிஜேஐ மினி 3 ப்ரோ. எடை 249 கிராம், 250-ஐத் தாண்டாததால் பதிவு தேவையில்லை என்று நண்பர் சொன்னார். சாயங்கால வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியட்டும் என்று அதன் முதுகில் மின்னும் விளக்கு ஒன்றை ஒட்டினேன். அப்புறம் சந்தேகம் வந்து சமையலறைத் தராசில் வைத்தால் 261 காட்டுகிறது.

இன்னொன்று, என் மகன் டாலர் கடையில் வாங்கிய ஃபோம் போர்டை வெட்டி ஒட்டிச் செய்த விமானம். அவனுக்கு 11 வயது. எடை 640 கிராம். கேமரா கிடையாது, ஜிபிஎஸ் கிடையாது. ஒரு மோட்டார், இரண்டு செர்வோ, ஒரு ரிசீவர், அவ்வளவுதான். இறக்கையின் அடியில் மார்க்கரால் தன் பெயரை எழுதி, பக்கத்தில் என் போன் நம்பரையும் எழுதி வைத்திருக்கிறான்.

போன ஞாயிறு பூங்காவில் ஒருவர் வந்து, "இது பதிவு செய்ததா? இல்லையென்றால் போலீஸைக் கூப்பிடுவேன்" என்றார். 2024 டிசம்பரில் இங்கே வானத்தில் மர்ம ட்ரோன்கள் என்று ஊரே பதறியது நினைவிருக்கும். அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ பல ஊர்களில் ட்ரோன் பறக்கத் தற்காலிகத் தடையே போட்டது, எங்கள் பக்கமும் அதில் இருந்தது. அதிலிருந்து எது பறந்தாலும் ஜனங்களுக்குச் சந்தேகம். அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்த பையன் இன்னும் அந்த விமானத்தைத் தொடவில்லை.

அன்று ராத்திரியே இணையத்தில் தேடி, முதலில் வந்த தளத்தில் பதிந்தேன். கழுகுச் சின்னமெல்லாம் போட்டிருந்தது. 49 டாலர் கட்டினேன். "விண்ணப்பம் பெறப்பட்டது" என்று ஒரு பிடிஎஃப் வந்ததோடு சரி. எண் வரவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. மகன் பெயரில் பதிய வேண்டுமா, என் பெயரிலா? கிரீன் கார்டு இல்லாதவன் பதியலாமா? இரண்டு எண் வாங்க வேண்டுமா? அபராதம் 27,500 டாலர் வரை என்று படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது.

ரமேஷ்_ஆர்சி

குமரன், பதற வேண்டாம். நீங்கள் பணம் கட்டியது அரசாங்கத்துக்கு அல்ல. எஃப்ஏஏ-வின் தளத்துக்கு ட்ரோன்ஸோன் என்று பெயர். அதன் முகவரி கண்டிப்பாக டாட் ஜிஓவி என்றுதான் முடியும். டாட் காம், டாட் ஆர்க் என்று வந்தால் அது இடைத்தரகர். இருக்கிற படிவத்தை உங்களுக்காக நிரப்பிக் கொடுக்க அவர்கள் கூலி கேட்கிறார்கள், சில பேர் அதைக்கூடச் செய்வதில்லை. உண்மையான கட்டணம் 5 டாலர். அது மூன்று வருடத்துக்குச் செல்லும்.

முதலில் கார்டு கொடுத்த வங்கியைக் கூப்பிட்டு, சேவை கிடைக்கவில்லை என்று அந்த 49 டாலருக்கு மறுப்பு பதிவு செய்யுங்கள். அந்த பிடிஎஃப் ஒன்றே போதும், அதில் எண் இல்லை என்பதுதான் ஆதாரம். அங்கே கொடுத்த கடவுச்சொல்லை வேறு எங்காவது பயன்படுத்தியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

பிறகு ட்ரோன்ஸோனில் கணக்கு தொடங்குங்கள். அங்கே இரண்டு வாசல் இருக்கும். "ரெக்ரியேஷனல் ஃப்ளையர்" என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றது பார்ட் 107, தொழில்முறைக்காரர்களுக்கு. அதில் ஒவ்வொரு ட்ரோனுக்கும் தனித்தனி 5 டாலர், தனித்தனி எண். பொழுதுபோக்குக்காரருக்கு எண் ஆளுக்குத்தான், விமானத்துக்கு அல்ல. எஃப்ஏ என்று தொடங்கும் ஒரே எண்ணை உங்களிடம் இருக்கும் எல்லா விமானத்திலும் ஒட்டலாம். இந்த இடத்தில் தவறிவிட்டால் பின்னால் ஒன்றை இன்னொன்றாக மாற்ற முடியாது, புதிதாகத்தான் பதிய வேண்டும்.

பதிபவருக்கு 13 வயது ஆகியிருக்க வேண்டும். அதனால் உங்கள் பெயரில் பதியுங்கள். விசா பற்றிக் கவலை வேண்டாம். குடிமகனும் கிரீன் கார்டுக்காரரும் அல்லாதவருக்கும் சான்றிதழ் தருகிறார்கள். அதை அமெரிக்க விமானப் பதிவாக எடுத்துக்கொள்ளாமல், பொருள் உங்களுடையது என்பதற்கான அத்தாட்சியாக மட்டும் எடுத்துக்கொள்வார்கள். நானும் எச்1பி-யில் இருந்தபோது அப்படித்தான் பறக்கவிட்டேன்.

எண்ணை வெளிப்புறத்தில் கண்ணுக்குத் தெரியும்படி ஒட்டுங்கள். பேட்டரிக் குழிக்குள் ஒட்டும் பழைய வழக்கம் 2019 பிப்ரவரி 25 முதல் செல்லாது.

தும்பி

ரமேஷ் அண்ணா சொன்னதோடு இன்னும் இரண்டு விஷயம். டிரஸ்ட் என்ற, பொழுதுபோக்குக்காரருக்கான பாதுகாப்புத் தேர்வை நீங்களும் மகனும் தனித்தனியாக எழுத வேண்டும். இலவசம், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 250 கிராமுக்குக் குறைந்ததைப் பறக்கவிடுபவரும் எழுதத்தான் வேண்டும். சான்றிதழ் வந்ததும் உடனே சேமித்துக்கொள்ளுங்கள். தேர்வு நடத்தும் நிறுவனம் உங்கள் விவரத்தை வைத்துக்கொள்வதில்லை. தொலைத்தால் மறுபடி எழுத வேண்டியதுதான். நான் அப்படி இரண்டு முறை எழுதினேன்.

அந்த மின்னும் விளக்கைக் கழற்றிவிடுங்கள். புறப்படும்போது மேலே ஏறுகிற எல்லாமும் சேர்த்துத்தான் எடை. பெரிய பேட்டரி போட்டாலும் இதே கதைதான், அந்த மினி 290 கிராம் பக்கம் போய்விடும். சின்ன பேட்டரி மட்டும் போட்டு, இருட்டுவதற்குள் இறக்கிவிட்டால் 249-க்குள் நிற்கும். ஆனால் நண்பர் வீட்டை விற்பதற்கு மேலிருந்து படம் எடுத்துக் கொடுத்தால், காசு வாங்காவிட்டாலும் அது பொழுதுபோக்கு அல்ல, 249 கிராம் சலுகை அங்கே வராது.

ஃபோம் விமானத்துக்குத்தான் உண்மையான சிக்கல். பதிவு எண் மட்டும் போதாது. 2023 செப்டம்பர் 16-இல் அமலுக்கு வந்து, 2024 மார்ச் 16-இலிருந்து கண்டிப்பாக்கப்பட்ட ரிமோட் ஐடி விதி இருக்கிறது. பதிய வேண்டிய எதுவும் பறக்கும்போது தன் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டில் செய்த விமானம் என்றால் தனியாக ஒரு மாட்யூல் வாங்கிக் கட்ட வேண்டும், இல்லையென்றால் எஃப்ஏஏ ஒப்புதல் கொடுத்த ஃப்ரியா மைதானத்தில் பறக்கவிட வேண்டும்.

குமரன்_எடிசன்

ரொம்ப நன்றி இருவருக்கும். வங்கிக்குப் போன் செய்துவிட்டேன், விசாரிக்கிறோம் என்றார்கள். ட்ரோன்ஸோனில் 5 டாலர் கட்டியவுடன் எண் வந்துவிட்டது. மொத்தம் பத்து நிமிடம்.

ஆனால் மனசு கேட்கவில்லை. மினியில் கேமரா இருக்கிறது, யார் வீட்டு ஜன்னலையும் எட்டிப் பார்க்கலாம். அதற்குப் பதிவு வேண்டாமாம். பையன் செய்த ஃபோம் விமானம் நூறு மீட்டர் தள்ளிப் போனாலே அவன் கண்ணுக்கு மேல்கீழ் தெரியாது. அதற்கு எண், மாட்யூல், மைதானம் எல்லாம் வேண்டும். இதில் என்ன நியாயம் என்று புரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வானவில்72

தம்பி குமரன், உங்கள் கேள்வியை நாங்கள் 2015-இலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம். கோயம்புத்தூரில் என்சிசி ஏர் விங்கில் பால்சா மரத்தை வெட்டக் கற்றுக்கொண்டவன் நான். இங்கே டெக்சாஸ் வந்து 26 வருடமாகக் கிளப்பில் பறக்கவிடுகிறேன்.

ஏஎம்ஏ என்ற மாதிரி விமானச் சங்கம் 1936-இலிருந்து இருக்கிறது. விமானத்தில் உரிமையாளரின் பெயர், முகவரி அல்லது உறுப்பினர் எண் இருக்க வேண்டும் என்பது எங்கள் சொந்த விதி. யாரும் சட்டம் போட்டுச் சொல்லவில்லை. வழி தவறி யார் தோட்டத்திலாவது விழுந்தால் திரும்பக் கிடைக்கட்டும், சேதம் செய்தால் பொறுப்பேற்கட்டும் என்பதற்காக நாங்களே வைத்துக்கொண்டது. உங்கள் மகன் யாரும் சொல்லாமலே இறக்கையில் எழுதினானே, அதேதான்.

2012-இல் அமெரிக்க நாடாளுமன்றம் மாதிரி விமானங்களுக்கு எஃப்ஏஏ புது விதி எதுவும் போடக் கூடாது என்று சட்டமே இயற்றியது, 336-ஆம் பிரிவு. மூன்றே வருடத்தில் கடையில் கிடைக்கும் கேமரா ட்ரோன்கள் பெருகி, விமான நிலையங்களுக்குப் பக்கத்தில் தென்பட ஆரம்பித்தன. 2015 டிசம்பர் 21-இல் பதிவு கட்டாயமானது. அந்த வாரம் எங்கள் கிளப்பில் நடந்த கூட்டம் இன்னும் நினைவிருக்கிறது. எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் தன் பி-17 குண்டுவீச்சு விமான மாதிரியைத் தொடையில் வைத்துக்கொண்டு, "என் சங்க எண் இதில் நாற்பது வருடமாக இருக்கிறது, இன்னொன்று எதற்கு?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. சங்கமே முதலில் பதிவைத் தள்ளிப்போடுங்கள் என்றது.

ஜான் டெய்லர் என்ற பொழுதுபோக்குக்காரர் வழக்குப் போட்டார். 2017 மே 19-இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், 336-ஆம் பிரிவு இருக்கும்போது மாதிரி விமானத்துக்கு இந்தப் பதிவு செல்லாது என்றது. தீர்ப்பு எழுதியவர் இன்று உச்ச நீதிமன்றத்தில் இருக்கும் பிரெட் கவனா. கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து விவரத்தை அழித்தார்கள். ஏழு மாதம்கூட நிற்கவில்லை. டிசம்பரில் ராணுவச் செலவுச் சட்டத்துக்குள் ஒரு வரியைச் சேர்த்துப் பதிவைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மறு வருடம் 336-ஆம் பிரிவே போய்விட்டது.

என் கருத்து இதுதான்: 5 டாலரும் ஒரு சீட்டும் பெரிய பாரம் அல்ல, நான் பதிந்திருக்கிறேன், பதியச் சொல்கிறேன். கோபம் எண் மேல் இல்லை. எடையை மட்டும் பார்த்துக் கோடு போட்டார்களே, அதன் மேல். 250 கிராம் என்பது தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்ற கணக்கிலிருந்து வந்தது. அதில் நியாயம் உண்டு. ஆனால் யார் பறக்கவிடுகிறார், எங்கே, கண் பார்வைக்குள்ளா, தானாகப் பறக்குமா என்பதெல்லாம் அந்தக் கணக்கில் இல்லை. தானாக ஒரு மைல் போய்த் திரும்பும் கருவியும், விரலை எடுத்தால் விழுந்துவிடும் ஃபோமும் ஒரே பட்டியலில் வருவது அதனால்தான்.

பேசினால் கேட்பார்கள் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. ரிமோட் ஐடி வரைவு 2019 கடைசியில் வந்தபோது, பறக்கும் ஒவ்வொன்றும் இணையத்தோடு இணைந்திருக்க வேண்டும் என்றிருந்தது. 53,000-க்கு மேல் கருத்துகள் போயின. நானும் என் மனைவியும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினோம். இறுதி விதியில் இணையம் போய்விட்டது.

மகனை ஒரு சனிக்கிழமை பக்கத்துக் கிளப் மைதானத்துக்குக் கூட்டிப் போங்கள். அது ஃப்ரியாவா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஃப்ரியா என்றால் மாட்யூல் வேண்டாம்.

தும்பி

வானவில் ஐயா சொன்ன எல்லாவற்றையும் ஏற்கிறேன், ஒன்றைத் தவிர. எண் பாரம் அல்ல என்பது சரி. ரிமோட் ஐடி பாரம்தான்.

நான் தனியாகப் போய்ப் பறக்கவிடுகிற பெண். கடையில் வாங்கும் ட்ரோன் தான் இருக்கும் இடத்தை மட்டுமல்ல, நான் நிற்கிற இடத்தையும் பறக்கும் நேரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும். பக்கத்தில் இருக்கும் யாரும் போனில் ஒரு ஆப் போட்டுப் பார்க்கலாம். பெயரும் முகவரியும் அதில் தெரியாது, எஃப்ஏஏ-விடம் மட்டும்தான் இருக்கும், உண்மை. ஆனால் ஆள் இல்லாத மலைச்சரிவில் நான் நிற்கிறேன் என்பது தெரிந்தால் போதாதா? ஒரு முறை முன்பின் தெரியாதவர் நேராக நான் நின்ற பாறைக்கு வந்து, "நீங்கள்தானா பறக்கவிட்டது?" என்று கேட்டார். நல்ல மனிதர்தான், ஆர்வத்தில் வந்தவர். எனக்கு அன்று கை நடுங்கியது, ட்ரோனை இறக்க முடியவில்லை.

2022-இல் நீதிமன்றமும் இந்த விதி செல்லும் என்று சொல்லிவிட்டது. போலீஸுக்குத் தெரியட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. எல்லோருக்கும் தெரிவதைத்தான் ஏற்க முடியவில்லை. தனியாக வாங்கும் மாட்யூல் புறப்பட்ட இடத்தை மட்டும்தான் சொல்லும். அதனால் என் சொந்தத் தயாரிப்புகளைப் புறப்பட்ட இடத்திலிருந்து நகர்ந்து நின்றுதான் ஓட்டுகிறேன்.

குமரன் அண்ணா, மகனுக்கு ஒரு யோசனை. அதே விமானத்தைச் சின்னதாக, 250-க்குள் செய்யச் சொல்லுங்கள். பொழுதுபோக்குக்கு மட்டும் என்றால் பதிவும் வேண்டாம், ரிமோட் ஐடியும் வேண்டாம். அதை ட்ரோன்ஸோன் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள், சேர்த்தால் ரிமோட் ஐடியும் கூடவே வரும்.

ஸ்கார்பரோ_செல்வன்

கனடாவில் இருந்து ஒரு குறிப்பு. இங்கே 2019 ஜூன் 1 தொடக்கம் 250 கிராமுக்கு மேலே எல்லாம் பதிவு. எண் ஆளுக்கு அல்ல, ஒவ்வொரு ட்ரோனுக்கும் தனி. அதோடு பதிவு மட்டும் காணாது, பைலட் சான்றிதழ் சோதனையும் எழுத வேணும். 35 கேள்வி, 65 சதவீதம் எடுத்தால் பாஸ். எனக்குச் சோதனை பிடித்திருந்தது. காற்று, வான்வெளி எல்லாம் அதற்காகத்தான் படித்தேன். நயாகரா பக்கம் வரும்போது அமெரிக்க எண் கனடாவில் செல்லாது என்பதையும் நினைவில் வைத்திருங்கோ.

ரமேஷ்_ஆர்சி

அதே மாதிரி, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது மினியை எடுத்துப் போகாதீர்கள். 2022 பிப்ரவரி 9-இலிருந்து இந்தியாவுக்குள் முழு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை இருக்கிறது. என் மைத்துனர் கையில் எடுத்துப் போனதைச் சுங்கத்தில் வைத்துக்கொண்டார்கள், கல்யாண வீடியோ எடுக்கத் திட்டமிட்டிருந்தார்.

குமரன்_எடிசன்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். 49 டாலர் திரும்ப வந்துவிட்டது. டிரஸ்ட் இரண்டு பேரும் எழுதினோம், மகன் என்னைவிட வேகமாக முடித்தான். விளக்கைக் கழற்றியதும் மினி 249-க்கு வந்துவிட்டது.

கிளப்பைக் கேட்டதில் அவர்கள் மைதானம் ஃப்ரியாதான் என்றார்கள். அடுத்த சனிக்கிழமை பெரிய விமானத்தை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். இறக்கையின் மேல் எஃப்ஏ எண்ணை ஒட்டினோம். அடியில் இருக்கும் தன் பெயரையும் போன் நம்பரையும் அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

தும்பி சொன்ன சின்ன விமானத்தையும் தொடங்கிவிட்டான். நேற்று ராத்திரி சாப்பாட்டு மேசை முழுக்க ஃபோம் துகள். பேட்டரியைச் சேர்த்துத் தராசில் வைத்தபோது 256 வந்தது. வாலில் இரண்டு ஓட்டை வெட்டி, பசையைச் சுரண்டி, மறுபடி வைத்தான். 243.