34 வயதில் ஆட்டிசம் சந்தேகம், போய்ப் பார்க்கலாமா?

பாம்பன்காரன்:
மீன் ஏலத்தில் கணக்கு எழுதுகிறேன், வயது 34. கணக்கு பிசகாது, ஆனால் நாலு பேர் ஒரே நேரத்தில் விலை கேட்டுக் கத்தினால் காதைப் பொத்திக்கொண்டு ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் போய் நின்றுவிடுவேன். ஒருவர் கேலி செய்தது கேலி என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைக்கும். குழம்பு ஓடிப் பொரியலைத் தொட்டுவிட்டால் தட்டு அப்படியே கிடக்கும். அக்கா மகனுக்கு ஆட்டிசமா என்று பார்க்கப் போனபோது டாக்டர் கேட்டதெல்லாம் என்னையே கேட்டது போல இருந்தது. இந்த வயதில் போனால் சிரிப்பார்களா?

கீழக்கரை அக்கா:
சிரிக்கட்டும் தம்பி. எனக்கு 41 வயதில்தான் தெரிந்தது. கல்யாண வீட்டில் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தே காலத்தை ஓட்டியவள் நான், அப்புறம் ரெண்டு நாள் எழுந்திருக்க முடியாது. பெண்களுக்கு இது வெளியே தெரியாமல் போவதற்கு இந்த நடிப்பும் ஒரு காரணம்.

தொண்டி பாய்:
சத்தம் ஆகாததை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள், பதற்றம், ஏடிஎச்டி (கவனம் நிற்காத, துறுதுறுப்பான தன்மை) இருந்தாலும் அப்படி வரும். டாக்டர் சின்ன வயதுக் கதையைத்தான் தோண்டுவார், அம்மாவையும் கூட்டிப் போங்கள். ஆட்டிசக் குணங்கள் எவ்வளவு என்று பார்க்க நெட்டில் கிடைக்கும் 50 கேள்வி ஏக்யூ சோதனை, 2001இல் வந்தது, சந்தேகத்துக்கு உதவும், முடிவு சொல்லாது. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14416, டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

பாம்பன்காரன்:
சரி பாய். அம்மாவிடம் கேட்டேன். மற்ற பிள்ளைகள் கரையில் ஓடியாடும்போது நான் சிப்பிகளை அளவு பார்த்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருப்பேனாம், ஒன்றை யாராவது நகர்த்தினால் அலறலில் தெருவே கூடுமாம். திங்கட்கிழமை ரெண்டு பேரும் போகிறோம்.