பிளாஸ்டிக் மணியில் தங்கம், வெள்ளிப் பூச்சு: உரியுது, மங்குது. என்ன செய்யலாம்?

மணிச்சரம்_டர்பன்:
காவடியில் தொங்கவிட 8 மி.மீ. பிளாஸ்டிக் மணிகள், மொத்தம் 2,000 வேணும். பழைய சிவப்பு, பச்சை மணி கைவசம் நிறைய இருக்கு, அதையே தங்கமாவும் வெள்ளியாவும் மாத்தப் பார்க்கிறேன். குரோம் ஸ்ப்ரே அடிச்சா கண்ணாடி மாதிரி மின்னுது. மேலே வார்னிஷ் அடிச்சதும் சாம்பலாயிடுது. வார்னிஷ் இல்லைன்னா விரலோடு வருது. சில மணி மேலே சுருங்கிப் போகுது, சிலதில் நகம் பட்டாலே பெயின்ட் தோலா உரியுது. எல்லாம் ஒரே பை மணிதான். வேர்வை, பால், மஞ்சள் தண்ணி படும்.

முலாம்_அண்ணன்:
ஒரே பைன்னாலும் ஒரே பிளாஸ்டிக் இல்லைங்க. முதல்ல அதைப் பிரிங்க. ஒரு பாத்திரத்தில் நல்ல தண்ணியும் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பும். மணியைப் போட்டுத் தட்டுங்க, துளையில் காத்து நின்னா சோதனை பொய்யாகும். மிதந்தா பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன்: தோலா உரியுறது இதுதான். ஒட்டுதலுக்கான பிளாஸ்டிக் பிரைமர் இல்லாம இதில் எதுவும் நிக்காது. 2,000 மணிக்கு அந்தச் செலவு வேஸ்ட், ஒதுக்கிடுங்க.

மூழ்கினதை லிட்டருக்கு 150 கிராம் உப்பு கரைச்ச தண்ணியில் போடுங்க. மிதந்தா பாலிஸ்டைரீன் அல்லது ஏபிஎஸ், மூழ்கினா பெரும்பாலும் அக்ரிலிக். சுருங்குறது பாலிஸ்டைரீன். ஸ்ப்ரேயில் இருக்கிற கரைப்பான் மேல்தோலைக் கரைக்குது. அதுக்கு தண்ணி கலந்த பெயின்ட் மட்டும். உள்ளே பொள்ளலா இருக்கிற மணிக்கு இந்தச் சோதனை ஒத்துவராது.

குரோம் ஏன் சாம்பலாகுது? அந்த ஸ்ப்ரேயில் இருக்கிறது மெல்லிய அலுமினியச் செதில். காயும்போது மேலே மிதந்து வந்து படுக்கையா அடுக்கும், அதனால்தான் மின்னுது. மேலே கரைப்பான் வார்னிஷ் வந்ததும் அடுக்கு கலைஞ்சு போகுது. எந்த வார்னிஷும் கொஞ்சம் மங்கடிக்கும். தண்ணி வார்னிஷ் குறைவா மங்கடிக்கும். என் கருத்து: கை படாத, காவடி உச்சியில் இருக்கிற மணிக்கு மட்டும் குரோம். உடம்பில் உரசுற சரத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

வர்ணம்_அக்கா:
உரசுற சரத்துக்கு மைக்கா பவுடர்தான் (மினுக்குற அப்பிரகத் தூள்) சரி, தம்பி. "தங்கப் பவுடர்"னு விக்கிறதில் பாதி பித்தளைத் தூள், வேர்வையும் புளிச்ச பாலும் பட்டா கறுக்கும், பச்சை பூக்கும். மைக்கா கறுக்காது. கண்ணாடி மாதிரி இருக்காது, பட்டு மாதிரி ஒளிரும். வெயிலில் அதுவே எடுப்பு.

இளஞ்சூடான சோப்புத் தண்ணியில் கழுவிக் காய வைங்க. அசிட்டோன், ஸ்பிரிட் தொடாதீங்க. ஸ்பிரிட் பட்டா அக்ரிலிக்கில் மெல்லிய விரிசல் ஓடும். மைக்கா முழுசா மறைக்காது. சிவப்பு மணி செம்பாத் தெரியும், பச்சை பாசி பிடிச்ச மாதிரி தெரியும். அதனால் முதல்ல காவி மஞ்சள் அக்ரிலிக் பெயின்ட் ஒரு பூச்சு.

அப்புறம் தண்ணி சேர்ந்த பளபள வார்னிஷ் 10 பங்கு, மைக்கா 1 பங்கு. 100 கிராம் மணிக்கு (8 மி.மீ.ல சுமார் 330) முக்கால் டீஸ்பூன் போதும். ஜிப் பையில் போட்டு ஒரு நிமிஷம் குலுக்கி, பேக்கிங் தாளில் கொட்டி ஒண்ணோடொண்ணு ஒட்டாம உருட்டி விடுங்க. கூடுதலா ஊத்தினா துளையோரம் கட்டி நிக்கும். ஈரத்திலேயே ஊசி விட்டு எடுங்க. ஒவ்வொரு பூச்சுக்கும் புதுப் பை. பழையதில் காஞ்ச சருகு மணியில் மணலா ஒட்டும். ரெண்டு மணி நேர இடைவெளியில் மூணு பூச்சு, கடைசியா வெறும் வார்னிஷ் ஒண்ணு. கோக்க அன்னைக்கே ஆரம்பிக்காதீங்க, ஒரு வாரம் இறுகட்டும்.

மஞ்சள் தண்ணி வெள்ளியில் கறையாகும், தங்கத்தில் தெரியாது. வெள்ளி கீழ்வரிசையில் வேண்டாம்.

மணிச்சரம்_டர்பன்:
நன்றி அக்கா. உச்சிக்கு மட்டும் குரோம் அடிக்கிறேன். ஜனவரியில் அடிச்சா வெள்ளையா பனி படருதே, அது ஏன்?

முலாம்_அண்ணன்:
தென்னாப்பிரிக்கா டர்பன்ல ஜனவரி கோடை, அந்த ஈரக்காத்துதான். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காத்துல இருக்கிற ஈரம் பூச்சில் இறங்குது. ஈரப்பதம் 70% தாண்டினா டப்பாவையே எடுக்காதீங்க. ஜனவரி வரை காத்திருக்காம ஆகஸ்ட்ல, பெர்க் காத்து (மலைப்பக்கமிருந்து வர்ற சூடான காத்து) அடிக்கிற உலர்ந்த நாளில் முடிச்சு வைக்கலாம். அடியில் பளபள கறுப்பு பெயின்ட், 24 மணி நேரம் காஞ்ச பிறகு குரோம், 25 செ.மீ. தூரத்திலிருந்து மெல்லிசா ரெண்டு தரம். மணியை மூங்கில் குச்சியில் செருகி, குச்சியை உருட்டிக்கிட்டே அடிங்க.

கடைக்காரர்_செட்ஸ்வொர்த்:
வெள்ளிக்கு இவ்வளவு பாடு எதுக்கு? 'சிசிபி'ன்னு கேட்டா, செம்பு பூசி மேலே முலாம் போட்ட பிளாஸ்டிக் மணி கிடைக்கும். அந்த முலாமை வீட்டில் செய்ய நினைக்காதீங்க: வழக்கமான முறையில் ஏபிஎஸ்ஸைக் குரோமிக் அமிலத்தில் அரிக்க வைக்கணும். பழைய மணியைத் தங்கத்துக்கு வச்சுக்கிட்டு வெள்ளியை மட்டும் வாங்கிடுங்க.