ஹட்டன் பக்க ஆசிரியர்களோடு டிஜிட்டல் பாடம் தயாரித்த அனுபவம்

மலையகத்தில் ஆசிரியர்களுக்கு டிஜிட்டல் பாடம் தயாரிக்கப் பழக்கும் செயலமர்வுகளுக்கு வளவாளராகப் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்க ஆசிரியர்களோடு இருந்து பார்த்தது இது.

முதல் இடறல் எழுத்துருவில்தான் வரும். எல்லோரிடமும் பல வருடமாகச் சேர்த்த வினாத்தாள்கள், ஆங்கில எழுத்துகளைத் தமிழ் வடிவில் காட்டும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் கிடக்கின்றன. அதைப் பிரதி செய்து கூகுள் படிவத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து நிற்கும். ஒரு டீச்சர், "எனக்கு இதெல்லாம் சரிவராது சேர்" என்று எழுந்தே விட்டார். பாமினி விசை ஒழுங்கை மாற்றாமலே, எங்கே ஒட்டினாலும் தமிழாகவே தெரியும் யுனிகோடில் தட்டச்சு செய்யலாம், பழையதை மாற்றித்தர இணையத்தில் மாற்றிகளும் உண்டு என்று காட்டியதும் திரும்ப உட்கார்ந்தார், பகலுக்குள் தரம் 7 கணிதத் தாள் ஒன்றை முழுதாக ஏற்றியும் விட்டார். அதனால் முதல் நாள் காலையை இதற்கே கொடுங்கள். வேறு எந்த மென்பொருளும் அப்புறம் வரட்டும்.

அடுத்தது கணிப்பீடு. பல்தேர்வு வினாவில் சரியான விடையை எழுதிவிட்டு மற்ற மூன்றுக்கும் வாயில் வந்ததைப் போடுகிற பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் ஐந்தில் இரண்டு என்று எழுதும் பிள்ளை தொகுதியெண்ணையும் பகுதியெண்ணையும் தனித்தனியே கூட்டியிருக்கிறது. அந்த 2/5 விடைகளில் ஒன்றாக இருந்தால்தான் பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று ஆசிரியருக்குத் தெரியும். படிவத்தில் தெரிவு செய்த விடையைப் பொறுத்து வேறு பகுதிக்கு அனுப்பும் வசதி இருப்பதால், 2/5ஐத் தொட்ட பிள்ளைக்கு மட்டும் பகுதியெண்ணைச் சமப்படுத்தும் படத்தைக் காட்டிவிட்டு இன்னொரு கணக்கைக் கொடுக்கலாம். இதைச் செய்து பார்த்த பிறகு ஆசிரியர்கள் தங்கள் வகுப்புக் கொப்பிகளைப் புரட்டி, பிள்ளைகள் விட்ட பிழைகளைத் தேடி எடுக்க ஆரம்பித்தார்கள். எனக்கு அந்தச் செயலமர்வில் மிகவும் பிடித்த நேரம் அதுதான்.

போன் விஷயத்தையும் கட்டாயம் பேசுங்கள். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் பலவற்றில் வீட்டுக்கு ஒரே ஒரு ஸ்மார்ட் போன், அதுவும் அம்மாவோடு கொழுந்து மலைக்கோ அப்பாவோடு கொழும்புக்கோ போய்விடும். காலையில் போட்ட வேலையைப் பிள்ளை பார்க்க இரவாகும். அதனால் படிவத்தைச் சில நாளாவது திறந்து வையுங்கள், நீண்ட வீடியோவுக்குப் பதிலாக இரண்டு நிமிடக் குரல்பதிவும் ஒரு படமும் வட்ஸ்அப்பில் அனுப்புங்கள், அதே வினாக்களை அச்சிட்ட செயலட்டையாகவும் வைத்திருங்கள். கல்வி அமைச்சின் இணையவழிக் கற்றல் தளமான ஈ-தக்சலாவவில் தமிழிலும் பாடங்கள் இருக்கின்றன, அதில் கிடைப்பதை மறுபடி செய்து நேரத்தைக் கரைக்க வேண்டாம்.

சிக்னலே இல்லாத தோட்டங்களில் மெமரி கார்டில் பாடங்களைக் கொடுத்து, விடைகளையும் அதிலேயே திரும்ப வாங்கியவர்கள் யாராவது இருந்தால் எப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள்.