அயோடின் உடம்பில் எவ்வளவு சேர்கிறது: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

தாமரைக்கனி:
கெல்ப் என்ற கடற்பாசி மாத்திரை விஷயம்தான். தைராய்டில் இரண்டு கட்டிகள் இருப்பது முன்பே தெரியும், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் அப்போது சரியாகத்தான் இருந்தது. களைப்பு போகவில்லையே என்று ஆரம்பித்தேன். கடற்பாசி இயற்கைப் பொருள், அதிலுள்ள அயோடின் மெதுவாகக் கொஞ்சம்தான் சேரும், மிச்சம் வெளியே போய்விடும் என்று நானே கணக்குப் போட்டு நாளுக்கு இரண்டு விழுங்கினேன். ஏழாவது வாரம், இடதுபுறம் சாய்ந்து படுத்தால் தலையணைக்குள் இதயத்துடிப்பு கேட்டது. கை நடுக்கம். டிஎஸ்எச் 0.02, மிகக் குறைவு, அதாவது தைராய்டு மிகையாகச் சுரக்கிறது.

மருத்துவர் பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேபிளில் வரிவரியாக விரலை ஓட்டினார். "இதில் அயோடின் எவ்வளவு?" என்று கேட்டார். கடற்பாசித் தூள் 500 மில்லிகிராம் என்று இருந்தது. அயோடின் என்ற சொல்லே அதில் எங்கும் இல்லை. அந்த விரல் லேபிளைச் சுற்றி வந்து மறுபடி ஆரம்பித்த இடத்திலேயே நின்றது. அதை என்னால் மறக்க முடியவில்லை.

உப்புக்கல்:
தோழி, காரணம் தெரிந்ததில் மகிழ்ச்சி. ஆனால் 'மெதுவாகக் கொஞ்சம்தான் சேரும்' என்று இன்னும் யாராவது நம்பினால் அதை இங்கேயே விட்டுவிட வேண்டும். கெல்ப்பில் இருப்பது பெரும்பாலும் சாதாரண அயோடைடு. வயிறும் சிறுகுடலின் மேல்பகுதியும் அயோடைடை 90 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சிவிடும். உப்பிலிருந்து வந்ததா, பாலிலிருந்து வந்ததா, பாசியிலிருந்து வந்ததா என்று குடல் பார்ப்பதில்லை. உப்பில் போடும் பொட்டாசியம் அயோடேட்டு கூடக் குடலிலேயே அயோடைடாக மாறித்தான் உள்ளே போகிறது, கிட்டத்தட்ட முழுதும் போகிறது.

நான் உப்புப் பரிசோதனை வேலையில் இருந்தவன். ஒரு வீட்டில் அம்மாவுக்கும் மகளுக்கும் கழுத்தில் கழலை, அதாவது தைராய்டு வீக்கம். "நாங்கள் அயோடின் உப்புதான் வாங்குகிறோம்" என்று பையை எடுத்துக் காட்டினார்கள். அடுப்புக்கு மேல் திறந்த டப்பாவில் இருந்த உப்பில் சோதனைத் துளியை விட்டேன். நீலமாக வேண்டும். வெள்ளையாகவே இருந்தது. மகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அதனால் சொல்கிறேன், கேட்காவிட்டாலும். உப்பை மூடிய டப்பாவில், ஈரமும் வெயிலும் படாமல் வையுங்கள். கொதிக்கும்போது போடாமல் கடைசியில் போடுங்கள். வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டினால் அயோடைடும் அதோடு போய்விடும். கடற்பாசியை வேகவைத்தாலும் அப்படித்தான், பெரும்பகுதி தண்ணீரில் இறங்கிவிடும், அந்தத் தண்ணீரைக் குடித்தால் உங்களுக்கு, கொட்டினால் வாய்க்காலுக்கு. அயோடின் சேர்க்காத கடல் உப்பில் அயோடின் நிறைய இருக்கும் என்று நம்பாதீர்கள், மிகக் குறைவுதான். பெரியவர்களுக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம் போதும். சில பழுப்புக் கடற்பாசிகளில் ஒரே ஒரு கிராமில் 2000 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கும். ஆகவே எவ்வளவு வாய்க்குள் போனது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

மிளிர்மதி:
எனக்கு நடந்தது வேறு. தைராய்டு அறுவை சிகிச்சை முடிந்து கதிரியக்க அயோடின் சிகிச்சைக்குக் காத்திருந்தேன். அதற்கு முன் உடம்பில் அயோடினைக் குறைக்கும் அந்த இரண்டு வார உணவு, நாளுக்கு 50 மைக்ரோகிராமுக்குள், இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். பால் இல்லை, மஞ்சள்கரு இல்லை, கடல்மீன் இல்லை, அயோடின் உப்பு இல்லை. ஒரு வாய் சாப்பிட்டாலும் பயம்.

பன்னிரண்டாம் நாள், அணுமருத்துவப் பிரிவில் என் மாத்திரைகளையெல்லாம் மேசையில் கொட்டச் சொன்னார்கள். அங்கிருந்த பெண், நான் தினமும் போட்ட சத்து மாத்திரையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "இந்தச் சிவப்பு எதனால் வந்தது?" என்றார். அட்டையில் ஈ127, அதாவது எரித்ரோசின். அந்தச் சாயத்தின் எடையில் பாதிக்கு மேல் அயோடின்தான். பன்னிரண்டு நாளும் வீணாகிவிட்டதே என்று வெளியே வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன்.

அவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சாயத்துக்குள் அயோடின் இறுகக் கட்டுண்டு கிடக்கிறது, உடம்பு அதைப் பிரித்து எடுப்பது மிகச் சொற்பம், ஆனாலும் முன்னெச்சரிக்கைக்காக நிறுத்தச் சொல்கிறோம் என்றார். சிறுநீர்ச் சோதனையில் அயோடின் குறைவாகவே வந்தது, சிகிச்சை குறித்த நாளில் நடந்தது. உப்புக்கல் ஐயா, எதிலிருந்து வந்தாலும் ஒன்றுதான் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்தச் சிவப்பு மாத்திரைதான் நினைவுக்கு வந்தது. அது ஒன்று இல்லை.

நதிக்கரை:
மிளிர்மதி சொல்வது சரி. அயோடைடாகப் பிரிந்து வந்தால்தான் அந்த 90 சதவீதக் கணக்கு. அயோடின் உள்ள தைராய்டு ஹார்மோனான தைராக்சின் மாத்திரை கூட 70, 80 சதவீதம்தான் சேர்கிறது, அதுவும் வெறும் வயிற்றில்.

என் கதை சின்னது. சிறுநீரில் அயோடின் லிட்டருக்கு 62 மைக்ரோகிராம் என்று ரிப்போர்ட் வந்தது. பக்கத்தில் சிவப்பு எழுத்தில் 'குறைவு'. என் குடல் அயோடினை எடுக்கவில்லை என்று முடிவுகட்டி மூன்று இரவு தூங்கவில்லை. ஒன்றையும் மாற்றாமல் அடுத்த வாரம் மறுபடி கொடுத்தேன். 181. ரிப்போர்ட்டைக் கொடுத்தவர், "போன தடவை வரும் முன் எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள்?" என்று கேட்டார். ஒன்றரை லிட்டர் குடித்துவிட்டுப் போயிருந்தேன்.

லிட்டருக்கு 100 முதல் 199 என்பது ஒரு மக்கள்தொகையின் நடுமதிப்புக்கான அளவு. ஒரு ஆளை ஒரே ஒரு தடவை பிடித்த சிறுநீரை வைத்து எடைபோட முடியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடற்பாசி அயோடின் எவ்வளவு சேர்கிறது என்று சோதித்தவர்களும் சிறுநீரில் திரும்பி வந்ததைத்தான் அளந்தார்கள். ஏற்கெனவே பற்றாக்குறை உள்ளவர்களுக்கு அது குறைவாக வந்தது. குடல் கோட்டைவிட்டது என்று அதைப் படிக்கக் கூடாது. பசித்த சுரப்பி பிடித்து வைத்துக்கொண்டது, அவ்வளவுதான். சாதாரணமாக 10 முதல் 30 சதவீதம் எடுக்கும் தைராய்டு, பற்றாக்குறையில் 80 சதவீதத்துக்கு மேல் கூட எடுக்கும்.

வெண்பனி:
நான் இதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. கர்ப்பத்தின்போது பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று பாதாம் பாலுக்கு மாறினேன். ரத்த அழுத்தத்துக்காக உப்பையும் குறைத்திருந்தேன். மீன், முட்டை எப்போதும் இல்லை. குழந்தை பிறந்து ஐந்தாம் நாள் தொலைபேசி வந்தது. குதிகாலில் எடுத்த ரத்தத்தில் டிஎஸ்எச் கூடுதல், தைராய்டு குறைவாகச் சுரக்கலாம், உடனே கொண்டுவாருங்கள் என்றார்கள். குழந்தை என் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது. போனை வைத்த பிறகும் நான் அசையவில்லை, குழந்தை எழுந்துவிடுமோ என்று.

இரண்டாம் சோதனை சரியாக வந்துவிட்டது. காரணம் என் சாப்பாடுதான் என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் மருத்துவர் "எந்தப் பால் குடித்தீர்கள்?" என்று கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. பசும்பாலில் அயோடின் வருவது மாட்டுத் தீவனத்திலிருந்தும், மடியைச் சுத்தம் செய்யும் அயோடின் மருந்திலிருந்தும். பாதாம் பாலில் யாராவது சேர்த்தால்தான் உண்டு. கர்ப்பத்தில் 250 மைக்ரோகிராம் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நான் எதிலிருந்து எடுத்திருப்பேன்?

உப்புக்கல்:
அம்மா, உங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த தடவை டப்பாவில் 'அயோடின் சேர்க்கப்பட்டது' என்று இருக்கிறதா பாருங்கள். வீட்டில் யாராவது புகைபிடித்தால் நிறுத்தச் சொல்லுங்கள். புகையில் வரும் தயோசயனேட்டு, தாய்ப்பாலுக்கு அயோடின் போவதைக் குறைக்கும்.

கருவிழி:
முட்டைக்கோஸிலிருந்தும் தயோசயனேட்டு வரும், அந்தப் பயத்தில்தான் நான் இரண்டு வருடம் அதைத் தொடவில்லை. தயோசயனேட்டு குடலில் அயோடினைத் தடுக்கும் என்று யாரோ எழுதியிருந்தார்கள். ஆனால் முக்கியமாக அது அயோடினோடு போட்டி போடுவது தைராய்டின் வாசலில். அயோடின் போதுமான அளவு கிடைத்தால் சாதாரணமாகச் சாப்பிடும் முட்டைக்கோஸால் ஒன்றும் ஆகாது. என் கழலையோ அப்படியே இருந்தது. உப்பு நல்ல உப்பு, சோதித்தும் பார்த்தாகிவிட்டது.

மூன்றாவதாகப் பார்த்த மருத்துவர் கழுத்தைத் தொடவே இல்லை. என் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். வெளுத்திருந்தது. இரும்புச்சத்துக் குறைவு. அயோடினை ஹார்மோனில் பொருத்தும் நொதிக்கு இரும்பு வேண்டும், அது இல்லாவிட்டால் உள்ளே போன அயோடின் வேலைக்கு ஆகாது என்றார். இரும்பு மாத்திரை தொடங்கி பத்து மாதம் கழித்து ஸ்கேனில் சுரப்பி சிறியதாகியிருந்தது. அத்தனை வருடம் எல்லோரும் என் கழுத்தையே பார்த்தார்கள்.

தாமரைக்கனி:
எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். உப்புக்கல் ஐயா, நீங்கள் என்னைத் திருத்தியது சரிதான். மாத்திரையை நிறுத்தி ஐந்து மாதம் ஆகிறது, டிஎஸ்எச் 0.9க்கு வந்துவிட்டது. வெண்பனி, உங்கள் குழந்தைக்கு இப்போது எத்தனை மாதம்?