மனைவி கேட்டால் வழக்கு ஊர் மாறிவிடுமா?

கோவைவாசி: மணவிலக்கு வழக்கைக் கோவையில் தொடுத்தேன். மனைவி சென்னையில் தாய்வீட்டில் இருக்கிறார். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 24ஆம் பிரிவின்படி வழக்கைச் சென்னைக்கு மாற்றக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் மனு போட்டுவிட்டார். அப்பா பக்கவாதத்தில் படுத்த படுக்கை. ஒவ்வொரு முறையும் சேரன் எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் பயணித்து சென்ட்ரலில் இறங்கி, மாலைவரை நீதிமன்றத் தாழ்வாரத்தில் காத்துக் கிடந்து அடுத்த வாய்தாவை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டுமா?

பெரம்பூர் அக்கா: அப்பாவைச் சொன்னீர்கள், குழந்தை உண்டா இல்லையா என்பதைச் சொல்லவில்லையே தம்பி?

கோவைவாசி: மூன்று வயதில் மகள் இருக்கிறாள், அக்கா. ஆனால் மனைவி என்னைவிட அதிகம் சம்பாதிக்கிறார்.

பெரம்பூர் அக்கா: சம்பளம் வந்து குழந்தைக்குச் சோறு ஊட்டுமா? 2003 திருத்தத்துக்குப் பிறகு, இந்து திருமணச் சட்டம் 19ஆம் பிரிவின்படி மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம். அவர் முந்தியிருந்தால் நீங்கள் சென்னைக்கு வந்துதானே ஆக வேண்டும்?

வாய்தா வக்கீல்: 2022இல் வேலூர் வழக்கு ஒன்றைச் சென்னைக்கு மாற்றிய உச்ச நீதிமன்றம், பொதுவாக மனைவியின் வசதியையே பார்க்க வேண்டும் என்றது. அதே நீதிமன்றம்தான் அதற்கு முன்பு ஒரு வழக்கில், பெண்களுக்குக் காட்டும் தாராளம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது, ஒவ்வொரு மனுவையும் அதனதன் தகுதியில் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. ஆளுக்கொரு தீர்ப்பை எடுத்துக்கொண்டு வாதாடுகிறோம். எங்கள் பிழைப்பும் நடக்கிறது.

கோவைவாசி: காணொலியில் விசாரித்தால் இருவருக்குமே அலைச்சல் இல்லையே!

வாய்தா வக்கீல்: 2017 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த வழியைத்தான் காட்டியது. அக்டோபரில் மூவர் அமர்வு 2–1 என்ற பெரும்பான்மையில் அதை மாற்றிவிட்டது. இடமாற்ற மனுவிலேயே காணொலிக்கு உத்தரவிடக் கூடாது. சமரசம் தோற்ற பிறகு இருவரும் சம்மதித்தால், அல்லது நீதிக்கு உதவும் என்று குடும்ப நல நீதிமன்றமே கருதினால் அனுமதிக்கலாம். ஒருவரையொருவர் நேரில் பார்த்தால் மனம் இளகும் என்ற நம்பிக்கை! அப்பாவின் மருத்துவச் சான்றுகளைப் பதில் மனுவோடு சேருங்கள். வழக்கு மாறினாலும், அவசியமில்லாத வாய்தாக்களுக்கு நேரில் வருவதிலிருந்து விலக்குக் கேட்கலாம்.

பெரம்பூர் அக்கா: விலக்குக் கிடைக்குமென்றால் சென்னைக்கே மாறட்டுமே. எதற்காக மறுக்கிறீர்கள்?

கோவைவாசி: அதே விலக்கை அவரும் கேட்கலாமே அக்கா. வழக்கு கோவையிலேயே இருக்கட்டும்.